கண்ணைத் திறந்தபடி ஜெபிக்க வைத்த ஆண்டவர்

சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்லும்படி பாஸ்டர் என்னை இரண்டு முறை கூப்பிட்டார். முதல் முறை எனக்கு டியூட்டி. அடுத்த முறை பின்வரிசை நாற்காலியிலேயே தூங்கிப்போனேன். அவ்வளவு களைப்பு. அதனால்தான் எழுதித் தருகிறேன். என் ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

என் பெயர் ஜெயசீலி. தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரை ஊர். என் கணவர் செல்வராஜ் படகில் வேலை பார்த்தவர். வலை இழுக்கும் இயந்திரத்தில் கால் மாட்டி நசுங்கிய பிறகு அவரால் கடலுக்குப் போக முடியவில்லை. இரண்டு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். நான் ஷார்ஜாவில் பெண்களுக்கு மட்டுமான ஒரு கிளப்பில் கிளீனிங் வேலைக்கு வந்தேன். உடை மாற்றும் அறைகள், ஷவர், கழிப்பறை, நீச்சல் குளத்தின் ஓரம், இவ்வளவும் என் பொறுப்பு. காலையில் ஒரு டியூட்டி, மதியம் பிரேக், சாயங்காலம் மறுபடியும் டியூட்டி. கால் வீங்காத நாளே கிடையாது.

போன வருஷம் மே மாதம் மானேஜர் மேடம் எங்கள் எல்லாரையும் கூப்பிட்டார். கிளீனிங்கை வெளிக் கம்பெனிக்குக் கொடுக்கப் போகிறார்களாம். வருஷக் கடைசியோடு எங்கள் விசா கேன்சல். அப்புறம் அவர் இன்னொன்றும் சொன்னார். குளத்துக்குப் பெண் லைஃப்கார்டு ஒருத்தி வேண்டும், ஆள் கிடைப்பதே கஷ்டமாக இருக்கிறது, உங்களில் யாருக்காவது நீந்தத் தெரிந்தால் கிளப்பே பயிற்சி கொடுக்கும் என்றார். மேடம் என்னைப் பார்த்து, "உன் ஊர் கடற்கரைதானே?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். "கலாஸ்", அதாவது முடிந்தது, என்று சொல்லி என் பெயரை எழுதிக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் ஊர்ப் பெண்கள் கடலில் இறங்குவதில்லை என்று அவருக்கு யார் சொல்வது? நாங்கள் கரையில் நிற்போம். மீனை ஏலம் எடுப்போம், கூடை சுமப்போம். முழங்காலுக்கு மேல் கடல் தண்ணீர் என் மேல் பட்டதே இல்லை. நீந்தத் தெரியாது என்று சொன்னால் அடுத்த விமானத்தில் ஊர். அன்று ஷவர் அறையில் முழங்கால் போட்டு அழுதேன். இயேசப்பா, இந்த ஒரு கதவைத்தான் திறந்திருக்கிறீர், அதையும் தண்ணீருக்குள் திறந்திருக்கிறீரே என்று புலம்பினேன்.

சொல்லிக்கொடுக்க வந்தவள் மரிசெல். பிலிப்பைன்ஸ்காரி, ஏற்கெனவே அங்கே லைஃப்கார்டு. அவள் பேசுவது பாதி இங்கிலீஷ், பாதி ஹிந்தி. நான் தமிழில் எழுதுகிறேன். முதல் நாளே உண்மையைச் சொல்லிவிட்டேன். தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு, "சரி சிஸ்டர், குளிக்கவாவது தெரியுமா?" என்று கேட்டாள்.

மற்றவர்கள் தூங்கும் மதிய பிரேக்கில் நான் தண்ணீரில் கிடந்தேன். சில வாரங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்ததோடு சரி. மூக்கில் தண்ணீர் ஏறும். இருமி இருமித் தொண்டை புண்ணாகிவிடும். உடம்போடு ஒட்டிய அந்த நீச்சல் உடையைப் போட்டுக்கொண்டு வெளியே வரவே கூசினேன். சாயங்கால டியூட்டியில் மாப் கையிலிருந்து நழுவி விழும். ஒரு நாள் போனில் கணவரிடம் அழுதுவிட்டேன்.

"ஏட்டி சீலி, போதும், வந்துரு. இருக்கத வச்சி கஞ்சி குடிச்சிக்கிடலாம். நீ தண்ணிக்குள்ள போயிட்டன்னா நான் எப்படி இருப்பேன்?" என்றார்.

"பிள்ளைய படிக்கணும்லா. நான் வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். மனது போகாதே போகாதே என்றது, உடம்பு போய்விடு போய்விடு என்றது.

ஆண்டவர் இரக்கம் பாராட்டினார். செப்டம்பருக்குள் நீந்தப் பழகிவிட்டேன். முதலுதவி, மூச்சு நின்றவருக்கு நெஞ்சை அழுத்துவது, காயம்பட்டவரைக் கழுத்து அசையாமல் தூக்குவது எல்லாம் படித்தேன். ஒன்று மட்டும் வரவேயில்லை. ஆழமான பக்கத்தில் அடியில் கிடக்கும் ரப்பர் பொம்மையை மூழ்கிப் போய் எடுத்து வர வேண்டும். டெஸ்டில் அதற்கு நீச்சல் கண்ணாடி போட விடமாட்டார்கள். ஒவ்வொரு முறையும் நான் கீழே போய்க் கையால் தரையைத் துழாவிவிட்டு வெறுங்கையோடு மேலே வந்தேன்.

காரணம் எனக்கே தெரியவில்லை. மரிசெல்தான் தண்ணீருக்குள் வந்து பார்த்துவிட்டுச் சொன்னாள். "நீ கண்ணை மூடிக்கொள்கிறாய்."

உண்மைதான். பயத்தில் நான் ஜெபித்துக்கொண்டே மூழ்கினேன். ஜெபம் என்றால் கண்ணை மூட வேண்டும். சின்ன வயதிலிருந்து அப்படித்தானே பழகியிருக்கிறோம்? கண்ணைத் திறந்தால் ஓய்வுநாள் பள்ளியில் தொடையில் கிள்ளு விழும். திறக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் குதிப்பேன். "இயேசப்பா" என்று உள்ளுக்குள் சொன்னதும் இமை தானாக மூடிவிடும்.

அக்டோபரில் நடந்த டெஸ்டில் அந்தப் பொம்மையால் தோற்றேன். நவம்பரில் இன்னொரு முறை டெஸ்ட் கொடுக்கலாம், அதுதான் கடைசி என்றார்கள்.

அதற்கு அடுத்த நாள் மரிசெல் என்னைக் காவல் நாற்காலியில் ஏற்றி உட்காரவைத்தாள். குளம் காலியாக இருந்தது. பார்த்துக்கொண்டே இரு என்றாள். எனக்கு முந்தின நாள் துக்கம் தீரவில்லை. ஒரு நிமிஷம்தான், ஆண்டவரே பெலன் தாரும் என்று கண்ணை மூடினேன். திறந்தபோது பொம்மை குளத்தின் அடியில் கிடந்தது. மரிசெல் ஓரத்தில் நின்றாள்.

"நீ ஜெபித்துக்கொண்டிருந்தபோது ஒருத்தி செத்துப்போனாள்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. "ஜெபிக்கக் கூடாது என்கிறாயா?" என்று கத்திவிட்டேன். அவள் கழுத்தில் கிடந்த சின்னச் சிலுவையைக் காட்டினாள். "நானும் ஜெபிக்கிறவள்தான் சிஸ்டர். ஆனால் இந்த நாற்காலியில் கண் மூடுகிறவளுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்."

ரூமுக்கு வந்து கட்டிலில் விழுந்தேன். அன்று ஜெபிக்கப் பிடிக்கவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், ஆண்டவர் மேல் வெறுப்பாக இருந்தது. உம்மைக் கூப்பிட்டதே எனக்குத் தடையாகிவிட்டதே என்று நினைத்தேன். எங்கள் ரூமில் மன்னாரைச் சேர்ந்த வசந்தி அக்கா இருக்கிறார். ஒரு வீட்டில் சமையல் வேலை. நாங்கள் இருவரும் சேர்ந்துதான் உபவாசம் இருப்போம். அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் தோசை சுட்டுக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்ததும் சிரித்தார்.

"நான் இப்பவும் உங்களுக்காக வாய்க்குள்ள ஜெபிச்சுக்கொண்டுதான் நிக்கிறன். கண்ணை மூடிக்கொண்டோ தோசை சுடுறன்? மூடினா அது கருகிப்போகுமெல்லோ!" என்றார்.

"அது வேற, இது வேறக்கா."

"என்ன வேற? அவருக்கு எங்கட கண் மூடியிருந்தாத்தான் காது கேக்குமோ? போங்க, சாப்பிடுங்க முதல்ல."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அன்றிலிருந்து பழகினேன். மாப் போடும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, துண்டு மடிக்கும்போது, கண்ணைத் திறந்துகொண்டே ஜெபித்தேன். முதலில் அது ஜெபம் மாதிரியே இல்லை. மனது அங்கும் இங்கும் ஓடியது. போகப் போக, யாரைப் பார்க்கிறேனோ அவர்களுக்காகவே ஜெபிக்கத் தொடங்கிவிட்டேன். ஷவரில் முடியை அள்ளிப் போட்டுவிட்டுப் போகிற அம்மாக்களுக்காகக்கூட.

நவம்பர் டெஸ்ட் நாள். தண்ணீர் குளிர்ந்திருந்தது. டெஸ்ட் எடுக்கிற மேடம் விசில் ஊதினார். மூச்சை இழுத்து மூழ்கினேன். இயேசப்பா, பார்க்க வையும் என்று கேட்டேன். இமை மூடப் பார்த்தது. மூடவிடவில்லை. குளோரின் கண்ணைக் கரித்தது. எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. நான் எப்போதும் துழாவுகிற இடத்தில் ஒன்றும் இல்லை. கொஞ்சம் தள்ளி, இடது பக்கம், ஆரஞ்சு நிறத்தில் பொம்மை. இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு தரையை உதைத்து மேலே வந்தேன். ஓரத்தில் மரிசெல் குதித்துக்கொண்டிருந்தாள். அல்லேலூயா என்று கத்தினேன். டெஸ்ட் மேடம் முஸ்லிம் பெண். சிரித்துக்கொண்டே "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

விசா கேன்சல் ஆகவில்லை. வேலை கிடைத்தது. என் பிள்ளைகளின் படிப்பு நிற்கவில்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

களைப்பு தீர்ந்ததா என்று கேட்டால், இல்லை. நாற்காலியில் வெயில், சத்தம், கண் எரிச்சல். மாப்பைப் பிடித்தால் கைதான் வலிக்கும், இது மூளையை உறிஞ்சுகிறது. பிப்ரவரியில் ஒரு மத்தியானம், சிரிப்பும் கூச்சலுமாக இருந்த குளத்தில் ஒரு பெண் மட்டும் தலையை அண்ணாந்து வாயைத் திறந்தபடி இருந்தாள். கத்தவில்லை, கையைக் கூட ஆட்டவில்லை. பக்கத்தில் இருந்தவர்களுக்கே தெரியவில்லை. விசில் ஊதிவிட்டுக் குதித்தேன். கரையில் கிடத்தியதும் இருமினாள், என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மூழ்குகிறவர்களுக்குக் கத்த மூச்சு இருக்காது. அதை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

அந்த வாரம் சபையில் பாஸ்டர், "எல்லாரும் கண்களை மூடி ஜெபிப்போம்" என்றார். பழக்கதோஷம், எனக்கு மூட வரவில்லை. நீங்கள் எல்லாரும் தலை குனிந்து நின்றீர்கள். நான் பின்வரிசையிலிருந்து ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு ஜெபித்தேன். அப்போது தூணோரம் ஒரு சகோதரி நின்றார்கள். வாய் அசையவில்லை, அழவும் இல்லை. முகத்தை மட்டும் மேலே தூக்கி வாயைத் திறந்திருந்தார்கள். குளத்தில் நான் பார்த்த அதே முகம். எழுந்து போய் அவர்கள் பக்கத்தில் நின்று கையைப் பிடித்தேன். ஜெபம் முடியும்வரை அவர்கள் விடவில்லை. என்ன கஷ்டம் என்று நான் கேட்கவில்லை. பிறகு அவர்களே சொன்னார்கள்.

அன்பானவர்களே, இதை வாசிக்கிற உங்களில் யாருக்காவது கத்தக்கூட மூச்சு இல்லாமல் இருக்கலாம். நம்பிக்கையை விட்டுவிடாதீர்கள். நம் ஆண்டவர் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். டியூட்டி இல்லாவிட்டால் நான் பின்வரிசையில்தான் இருப்பேன். தூங்கிக்கொண்டிருந்தால் தட்டி எழுப்புங்கள், சேர்ந்து ஜெபிப்போம்.