எண்ணிக்கை மட்டும் இருந்த போஸ்டர்

ஜோதிகாவுக்குக் கோபம் வந்தால் காது மடல் சிவந்துவிடும். அன்றைக்குக் கல்லூரி வாசலில் நின்ற ஆளுயர போஸ்டரைப் பார்த்ததும் கழுத்து வரைக்கும் சிவந்தது. சிவக்காதா பின்னே? ‘எந்தக் குவாண்டம் கணினி சிறந்தது? ஆய்வு: ஜோதிகா, இயற்பியல் துறை’ என்று போட்டிருந்தது. அவள் பேரைத் தவிர மற்றதெல்லாம் பொய்.

அவிநாசிபாளையம் பக்கத்துத் தனியார் கல்லூரி அது; ஜோதிகா அங்கே இயற்பியல் ஆசிரியை. அம்மா முத்துப்பேச்சி கோவில்பட்டியிலிருந்து வந்து, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தே மகளை ஆளாக்கியவள். லீவு நாளெல்லாம் ஜோதிகாவும் அம்மாவோடு செக்கிங் மேஜையில் நின்றிருக்கிறாள். ஓட்டையோ கறையோ கண்ணில் பட்டால் அந்த இடத்தில் அம்புக்குறி போட்ட சின்ன சிவப்பு ஆரோ ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். ஆரோ ஒட்டின பீஸ் பெட்டிக்குள் போகாது; டேமேஜ் என்று தள்ளிவிடுவார்கள். மாணவர்களின் விடைத்தாளில் தப்பைக் காட்டக்கூட இன்றும் அவள் அதைத்தான் ஒட்டுகிறாள்.

கல்லூரியில் குவாண்டம் படிப்பு தொடங்க வேண்டும், எந்த வகைக் கணினியை நம்பலாம், ஒப்பிட்டுச் சொல்லுங்கள் என்று கேட்டதே கரஸ்பாண்டென்ட் அய்யாசாமிதான். மனுஷர் பனியன் துணி பின்னுகிற நிட்டிங் கம்பெனியும் நடத்துகிறார். இவளும் மாங்குமாங்கென்று எழுதினாள். மின்சாரம் தடையே இல்லாமல் பாய்கிற மீக்கடத்தி வகை வேகமாக ஓடும். ஆனால் ஐஸ்கட்டியே சூடு என்கிற அளவுக்குக் குளிர வைக்கணும், பிழையும் கூடுதல். அயனிகளை மின்புலத்தில் பிடித்துவைக்கிற வகையில் பிழை குறைவு. ஆனால் நத்தை வேகம். ஒளித்துகளை வைத்து ஓட்டுகிற வகைக்கு அவ்வளவு குளிர் வேண்டாம்; ஆனால் துகள் வழியிலேயே தொலைந்துபோகும். எதுவும் இன்னும் ஜெயிக்கவில்லை, ஒன்றையே கட்டிக்கொண்டு அழாதீர்கள் என்று முடித்திருந்தாள்.

போஸ்டரில் பிழையைக் காணோம், வேகத்தைக் காணோம். கணக்குப் போடுகிற அடிப்படைத் துணுக்கான க்யூபிட்டின் எண்ணிக்கை மட்டும் கொட்டை எழுத்தில். அதிகம் வைத்திருக்கிற கம்பெனிதான் சிறந்ததாம், அவர்களோடு ஒப்பந்தமாம், படித்தால் வேலை நிச்சயமாம்!

நேராக அய்யாசாமி அறைக்குப் போனாள். “ஏன் சார், ஊசியை மட்டும் எண்ணிப் பாத்தா நிட்டிங் மிஷின் வாங்குனீங்க? ஊசி ஒடிஞ்சு துணி பூரா கோடு விழுந்தா சரக்கு வாங்குற பையர் எடுப்பானா?”

“கோவிச்சுக்காதீங்க கண்ணு.” குரல் வெண்ணெய்தான். “பிழை கிழைன்னா பெத்தவங்களுக்குப் புரியாதுங்க. எண்ணிக்கைன்னா புரியும்.”

“அப்ப என் பேரை எடுத்துருங்க.”

“புதுப் படிப்போட தொடக்க விழா ஆரம்பிக்கப் போகுதுங்க. நீங்களும் வேலையில இருக்கோணுமில்லீங்க?”

பெத்தவங்களுக்குப் புரியாதாம்! வாசலில் பிள்ளைகளைச் சேர்க்க வந்து நின்றவர்கள் பாதிப் பேர் பனியன் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு வந்தவர்கள். அவள் பேரை நம்பித்தான் சேர்க்கப்போகிறார்கள். அவள் அம்மாவும் இப்படித்தான் ஒரு நாள் நின்றாள்.

அடையாள அட்டையைக் கழற்றி அவர் மேஜையில் போட்டாள். விறுவிறுவென்று வாசலுக்கு வந்து பைக்குள் கையை விட்டாள். எண்ணிக்கை மேல் ஒரு ஆரோ. ‘வேலை நிச்சயம்’ மேல் ஒன்று. கடைசியில் தன் பேர் மேலேயே ஒன்றை அழுத்தி ஒட்டினாள்.

“அய்யோ, பிச்சு எறிங்க அதை!” என்று அய்யாசாமி ஓடிவந்தார்.

மகளோடு வரிசையில் முதலில் நின்ற பனியன் கம்பெனிப் பெண் ஒருத்தி போஸ்டரை ஏற இறங்கப் பார்த்தாள். மகள் கையிலிருந்த விண்ணப்பத்தை வாங்கி நாலாக மடித்தாள்.

“டேமேஜ் பீஸு. வா கண்ணு, ஊட்டுக்குப் போலாம்.”