மாடியில் ஒரு மூன்று லிட்டர் குக்கர்

“ஏன்டி, பெரிய குடும்பத்துல வாக்கப்பட்டுட்டேன், என்னென்ன பாத்திரம் வாங்கணும்னு கேட்ட. சொன்னேன்ல? அதோட எந்திரிச்சுப் போக வேண்டியதுதான? எங்க வீட்டு மாடியில எதுக்குத் தனியா ஒரு சின்னக் குக்கருன்னு ஒனக்கு என்ன கேள்வி? அடுத்த வீட்டு அடுப்புல என்ன வேகுதுன்னு எட்டிப் பாக்குறதே பொழப்பாப் போச்சு ஒங்களுக்கெல்லாம்.”

எதிர்த்த தெருவுக்குப் புதிதாக வந்த பெண்ணை இப்படித்தான் திட்டினேன். அவள் நகரவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். அதனால் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

எங்கள் வீடு வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பின்பக்கம். நானும் என் வீட்டுக்காரரும், மூன்று மகன்கள், மூன்று மருமகள்கள், பேரன் பேத்திகள். அத்தனை பேருக்கும் கீழே ஒரே அடுப்படி. அதில் நான் வைத்ததுதான் சோறு. மாடியில் பிள்ளைகளுக்குப் பால் காய்ச்ச ஒரு கரண்ட் அடுப்பு இருந்தது. அது அடுப்பு என்றே என் கணக்கில் இல்லை.

என் அடுப்படியில் விளையாட்டுச் சாமான் எதுவும் கிடையாது. பருப்புக்குப் பன்னிரண்டு லிட்டர் குக்கர். அதைவிடப் பெரிதாக வாங்கினால் இறக்கி வைக்க ஆள் கூப்பிட வேண்டும். ஐந்து தட்டு இட்லிக் கொப்பரை. ஆட்டி முடித்ததும் சாய்த்து மாவை வழிக்கிற கிரைண்டர். குனிந்து அள்ளுகிற கிரைண்டரை வாங்கினால் இடுப்புக்குத் தைலம் வாங்கியே வீடு முழுகிப்போகும். சோற்றை மட்டும் நான் குக்கரில் வைப்பதில்லை. அகன்ற வாய் அலுமினியப் பானையில் உலை வைத்து, வடிதட்டைப் போட்டு வடித்துவிடுவேன். உதிரி உதிரியாக இருக்கும். மகன்கள் டிபன் டப்பாவில் அடைத்துக்கொண்டு போனால் மத்தியானம் திறக்கும்போதும் ஒட்டாது. எல்லாவற்றையும் விட முக்கியம் ஒன்று உண்டு. எந்தக் குக்கர் வாங்கினாலும் அதன் மூடிக்குள் போடுகிற ரப்பர் கேஸ்கட் இன்னொன்று வாங்கி வைத்திருக்க வேண்டும். நான் வாங்கி வைக்கவில்லை. அதனால்தான் என் வீட்டில் நடப்பது கடைசியில் எனக்கும் தெரிந்தது.

அதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் பல் செட்டு வைத்திருந்தார். வைத்ததிலிருந்து மத்தியானச் சாப்பாடு குறைந்துகொண்டே போனது. காலையில் இட்லியைத் தின்றுவிடுவார். மத்தியானம் தட்டைக் கழுவி வைத்தால், “பசியில்ல, சும்மா ஒரு நடை போயிட்டு வாரேன்” என்று கிளம்பிவிடுவார். வடித்த சோறு தினமும் பானையில் மிஞ்சியது. என் பானையில் சோறு மிஞ்சியதே கிடையாது. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் எடை பார்த்துவிட்டு, “நல்லாத்தான இருக்காரு, ஒரு கிலோ கூடியிருக்காரு” என்றார். மிஷின் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். தெப்பக்குளத்து மாரியம்மனிடம் போய், இந்த மனுஷன் மறுபடி ஒரு தட்டுச் சோறு தின்றால் மாவிளக்குப் போடுகிறேன் தாயே என்று நேர்ந்துகொண்டேன். அதோடு விடாமல் செவ்வாய்க்கிழமை தோறும் பட்டினி கிடந்தேன்.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமைதான் கேஸ்கட் கிழிந்தது. பருப்பைச் சட்டியில் போட்டு வேகவிட்டேன். குக்கர் அலம்பிக் கவிழ்த்துக் கிடந்தது. அடுப்படியில் சத்தமே இல்லை. அப்போது விசில் அடித்தது.

என் குக்கரைத் திரும்பிப் பார்த்தேன். அது கவிழ்ந்துதான் கிடந்தது. மறுபடி ஒரு விசில். சின்னக் குரல், பூனைக்குட்டி தும்மியது மாதிரி. மாடியிலிருந்து வந்தது.

முழங்கால் வலியோடு ஒவ்வொரு படியாக ஏறினேன். பாதியில் பேச்சு கேட்டது.

“என்னத்தா, இன்னைக்குக் கீழ விசிலையே காணோம்?” என்று கேட்டது என் வீட்டுக்காரர்.

“ஆமா மாமா. கீழ அடிக்கும்போது நாமளும் வச்சிரலாம்னு எம்புட்டு நேரம் காத்துக்கிட்டு இருக்கிறது? ஒங்களுக்குப் பசிக்குமேன்னு வச்சுட்டேன்.” இது மூத்த மருமகள். “அத்தைக்குக் கேட்டிருக்காது. காது முன்ன மாதிரி இல்ல.”

“காதா? அவளுக்கா? பக்கத்துத் தெருவுல கடுகு தாளிச்சாலும் கேக்கும்.”

படியிலேயே நின்றுவிட்டேன். என் குக்கர் அடிக்கிற விசிலுக்குள் தங்கள் விசிலை ஒளித்து வைத்துத்தான் இத்தனை நாளும் பொங்கித் தின்றிருக்கிறார்கள். நான் பருப்பு வேக வைத்தது அவர்களுக்குக் காவல் காத்தது மாதிரி ஆகியிருக்கிறது.

ஆவி அடங்கி, மூடி திறந்து, தட்டில் விழுகிற சத்தம் வரைக்கும் பொறுத்தேன். பிறகு உள்ளே போனேன்.

“என்ன மாப்ள, விருந்து பலமா இருக்கு?”

என் வீட்டுக்காரர் வாய்க்குப் போன கையோடு அப்படியே இருந்தார். தட்டில் குழையக் குழைய வெந்த சோறு, ரசம், நடுவில் ஒரு கரண்டி நெய். மருமகள் நெய்ப் பாத்திரத்தை முந்தானைக்குள் மறைத்தாள். எல்லாம் தெரிந்துபோன பிறகு அதை மட்டும் மறைத்து என்ன பண்ணப்போகிறாள்?

“ஆத்தாகிட்ட நேந்துக்கிட்டு நான் கீழ பட்டினி கெடக்குறேன். நீங்க இங்க நெய் ஊத்தித் தின்னுக்கிட்டு இருக்கீக. பசியில்லையாம், நடை போறாகளாம். நடை போன லட்சணம் இந்த மாடிப்படிதானா?”

“இந்தா பாரு, ஒன் சோறு ஒண்ணொண்ணும் செட்டுக்கு அடியில போய்க் குத்துது. உசிரு போகுது எனக்கு.”

“அத எங்கிட்டச் சொன்னா வாயி வெந்து போகுமோ?”

“ஒங்கிட்டயா? ராத்திரி டம்ளருக்குள்ள கெடந்த பல்லுக்கு வணக்கம் வச்சவதான நீ. பேரன் பேத்தி பூரா உருண்டு உருண்டு சிரிச்சுச்சு. இதையும் சொல்லியிருந்தா தெப்பக்குளமே சிரிச்சிருக்கும்.”

வணக்கம் வைத்தது உண்மை. அது சிரிப்பாகத்தான் இருந்தது. இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். அதற்காக ஒரு மனுஷன் பொண்டாட்டிக்குத் தெரியாமல் பாத்திரக்கடைக்குப் போய்க் குக்கர் வாங்குவாரா? ஆமாம், வாங்கியது அவர்தானாம். மருமகள் வாங்கியிருப்பாள் என்று நான் நினைத்தது தப்பு.

“இது இன்னும் யாருக்குத்தா தெரியும்?” என்று மருமகளிடம் கேட்டேன்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, “எல்லாருக்கும் அத்த” என்றாள்.

“பிள்ளைகளுக்குமா?”

“ஆமா அத்த” என்றபடி நெய்ப் பாத்திரத்தை வெளியே எடுத்து வைத்தாள்.

அங்கேதான் எனக்கு உள்ளே எதுவோ இற்று விழுந்தது. அவர் தின்றதுகூடப் பெரிதில்லை. காலையில் நான் கையில் ஊட்டிவிடுகிற வாண்டுகூட, அத்தனை நாளும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறது. நான் மிஞ்சிய சோற்றைப் பார்த்துக் கவலைப்பட்டபோது ஒவ்வொருவரும் வேறு பக்கம் திரும்பி நின்றிருக்கிறார்கள். சின்னக் குக்கரின் மூடி மேலிருந்த வெயிட்டைக் கழற்றினேன். சூடு கையைப் பொசுக்கியது. விடாமல் முந்தானையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன். வெயிட் இல்லாமல் எந்தக் குக்கரிலும் சோறு வேகாது.

மறுநாள் நானே அவருக்குக் குழைய வைத்துக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். அது என்ன பெரிய வித்தையா? ஒரு சின்னப் பானையில் ஒரு கை அரிசி போட்டேன். தண்ணீர் ஊற்றினேன். என் கை ஊற்றியது ஊருக்கு ஊற்றுகிற தண்ணீர். கஞ்சியானது. அடுத்த நாள் தண்ணீரைக் குறைத்தேன், அடி பிடித்தது. ரசத்தில் உப்பு போட்டால் அண்டாவுக்குப் போடுகிற உப்பு. என் கண்ணுக்கும் கைக்கும் ஒரு ஆள் அளவு பிடிபடவே இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கூட்டத்துக்கே பொங்கிய கை. ஒருத்தருக்கு என்றால் அதற்கு ஒன்றுமே தெரியவில்லை.

அவர் குறை சொல்லவில்லை. அந்தக் கஞ்சியையும், அந்தத் தீய்ந்த சோற்றையும் முகம் சுளிக்காமல் விழுங்கினார். “நல்லாத்தான் இருக்கு” என்றார். மூன்றாம் நாள் பல் செட்டைக் கழற்றித் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, ஈறால் மென்று தின்றார். பேத்தி அதைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன், சிரிக்கலாம் என்று காத்திருந்தாள். நான் அவர் பக்கம் திரும்பினேன்.

“நல்லாத்தான் இருக்குன்னு எங்கிட்டப் பொய் சொல்லாதீக. அது ஒண்ணுதான் மிச்சம்” என்றேன்.

இடுப்பிலிருந்த வெயிட்டை எடுத்து மூத்த மருமகள் கையில் வைத்தேன். “இந்தா. நல்லாக் குழைய வையி. நெய்ய ஒளிக்காத.”

அவள் கண் கலங்கி, “அத்த, கீழயே வச்சு, ஒங்க அடுப்புலயே…” என்று ஆரம்பித்தாள்.

“வேணாம். எங்க திருட்டுத்தனமா வெந்துச்சோ அங்கயே வேகட்டும்.”

அன்றிலிருந்து அவருக்கு மாடியில் சோறு. கீழே என் பானையில் ஒரு ஆழாக்குக் குறைத்துப் போடக் கையைப் பழக்கியிருக்கிறேன். இன்னமும் சில நாள் மறந்துபோய்க் கூடப் போட்டுவிடுகிறேன். மிஞ்சுவதைப் பார்த்தால் கோபம் மறுபடி முதலிலிருந்து வருகிறது.

மாடியில் நான் போட்ட சத்தம் அக்கம்பக்கம் கேட்காமல் இருக்குமா? அந்த வாரமே பக்கத்து வீட்டுக்காரியும் அவள் நாத்தனாரும் கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் வந்து நின்றார்கள்.

“என்ன மதினி, அண்ணனுக்கு மாடியில தனிச் சாப்பாடாம்ல?”

“ஆமா. என் மூத்த மருமகளுக்குச் சமையல் பழக்கி விடலாம்னு இருக்கேன். வீட்டுல இம்புட்டுப் பேரு இருக்கோம், எடுத்ததும் எல்லாரும் தின்னுற முடியுமா? நான்தான் அவர முதல்ல மேல அனுப்பிருக்கேன். ஒரு வருஷம் தின்னு பாக்கட்டும். ஆளு கல்லு மாதிரி இருந்தாருன்னா, அப்புறம் நாங்களும் தின்போம்.”