யாரும் எழுப்பாத மத்தியானம்

பெயின்ட் கடையில் அவளுக்குக் கலரக்கா என்று பெயர். சுவரிலிருந்து பெயர்ந்த காரைத் துண்டு, பழைய கதவுச் சிராய் என்று எதையாவது கொண்டுவந்து, "இதே கலர் வேணும்" என்று நிற்பவர்களுக்கு அதே கலரைக் கலந்து கொடுப்பது அவள் வேலை. கம்ப்யூட்டர் சொல்லும் அளவில் கலந்துவிட்டு, வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, ஒரு சொட்டுக் கறுப்போ மஞ்சளோ அவளாகச் சேர்ப்பாள்.

காலையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற வேலை. மத்தியானம் ஆனால் எல்லா வெள்ளையும் அவளுக்கு ஒரே வெள்ளையாகிவிடும். அதனால் சாப்பிட்ட கையோடு பின்பக்கக் கிடங்குக்குப் போய், பிரித்துப் போட்ட அட்டைப்பெட்டிகள் மேல் ஒரு குட்டித் தூக்கம் போடுவாள். பில் போடும் பெரியவள், கடையில் எல்லோருக்கும் பில்லம்மா, வந்து தோளைத் தட்டி எழுப்புவாள். முகம் கழுவிக்கொண்டு ஒரு நடை போய்விட்டு வந்தால், கண்கள் புதிதாக வாங்கி மாட்டியதுபோல் ஆகிவிடும். முதலாளிக்கும் இது தெரியும். சாயங்கால வேலை சுத்தமாக இருந்ததால் வாயைத் திறக்கவில்லை.

நடை என்றால் சும்மா நடையில்லை. இரண்டு தெரு தள்ளி ஓர் அடுக்குமாடிக் கட்டடம். அதன் கேட்டில் காவலுக்கு உட்கார்ந்திருப்பவர் அவளுடைய அண்ணன். வீட்டுக்குப் போனால் அண்ணி முகம் கொடுத்துப் பேசமாட்டாள். என்றைக்கோ நடந்த ஒரு கல்யாணப் பேச்சில் வந்த மனஸ்தாபம். ஆகவே அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ள அந்தக் கேட் வாசல்தான் மிச்சம்.

"என்ன கும்பகர்ணி, முழிச்சாச்சா?" என்பார்.

"பிரஷர் மாத்திரை போட்டியா?" என்பாள் இவள்.

"அதைப் போட்டா தூக்கம் வருது. காவக்காரன் தூங்கினா வேலை போயிடும். உன்னை மாதிரி தூங்குறதுக்கா எனக்குச் சம்பளம் தராங்க?"

ஃபிளாஸ்க் மூடியில் அவர் ஊற்றித் தரும் டீயைக் குடித்துவிட்டு, திட்டிக்கொண்டே திரும்புவாள்.

ஒருநாள், முந்தின ராத்திரி முழுக்க அவள் மகளுக்குக் காய்ச்சல். வீட்டில் இருவர் மட்டும்தான். நெற்றியில் ஈரத்துணி போட்டுப் போட்டு எடுத்ததில் அவள் பொட்டுக்கூடக் கண் மூடவில்லை. காலையில் அண்ணனுக்கு போன் செய்து புலம்பிவிட்டு, காய்ச்சல் தணிந்த மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு வந்தாள். மத்தியானம் அட்டையில் சாய்ந்ததுதான் தெரியும்.

எழுப்ப வந்த பில்லம்மா பார்த்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு காலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பாவம், தூங்கட்டும் என்று மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கண் விழித்தபோது கிடங்கு ஜன்னலில் வெயில் இறங்கியிருந்தது.

"ஏங்க்கா எழுப்பலை? அண்ணன் பாத்துக்கிட்டிருக்கும்."

"இடி விழுந்தாலும் தெரியாம கிடந்தே. ஒருநாள் போகலைன்னா என்னடி? நாளைக்குப் போய்ப் பாத்துக்கோ."

வாசலில் ஆட்கள் காத்திருந்தார்கள். அவளும் சரியென்று டப்பாவைத் திறந்தாள். கடை மூடுவதற்குள் அண்ணியிடமிருந்து போன் வந்தது. அத்தனை வருஷத்துக்குப் பிறகு அண்ணி அவளிடம் பேசியது அன்றைக்குத்தான். அண்ணன் நாற்காலியில் இருந்தபடியே சரிந்துவிட்டாராம். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காரியங்கள் முடிந்து வேலைக்குத் திரும்பியவள் தூக்கத்தையும் நடையையும் விட்டுவிட்டாள். பில்லம்மாவோடு பேச்சையும்தான். மத்தியானங்களில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் பாதி அடித்த வீட்டுக்கு வேறு வெள்ளை போய்விட்டது. வீட்டுக்காரர் வந்து கத்தினார். "பில்லுல கலர் நம்பரை நான்தான் மாத்திப் போட்டுட்டேன்" என்று பில்லம்மா முந்திக்கொண்டு வசவு வாங்கினாள். கலரக்கா அதற்கும் திரும்பிப் பார்க்காமல் அடுத்த டப்பாவைத் திறந்தாள்.

அண்ணனுடைய ஃபிளாஸ்கும் குடையும் கேட்டிலேயே கிடப்பதாக அண்ணி சொன்னாள்; வாங்கிவர அவளுக்குத் தெம்பில்லை. இவள்தான் போனாள். அண்ணனோடு வேலை பார்த்த இன்னொரு காவலாளி அவற்றை எடுத்துக் கொடுத்தார்.

"காலையிலேர்ந்தே நெஞ்சு ஒரு மாதிரி இருக்குன்னாரும்மா. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னேன். தங்கச்சி வர்ற நேரம்தான், அவளோட போய்க்கிறேன்னு உக்காந்துட்டார்."

"எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே!"

"சொன்னேன், கேக்கலை. ராத்திரி பூரா முழிச்சிருக்கா, இப்பத்தான் கண்ணசந்திருப்பா, தூங்கட்டும்னுட்டார்."

ஃபிளாஸ்கை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் கடைக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பில் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். பில்லம்மா பயந்துபோய் எழுந்தாள்.

"அண்ணனும் உன்னை மாதிரியேதான்க்கா சொல்லியிருக்கு. தூங்கட்டும்னு."

பில்லம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன்னை எழுப்பாத பாவம் என்னைத் தூங்க விடலைடி" என்றாள். ஆட்கள் நிற்பதையும் மறந்து இருவரும் அழுதார்கள். முதலாளி எழுந்து வந்து, தானே பில் போடத் தொடங்கினார்.

"இனிமே எப்படித் தூங்கினாலும் என்னை எழுப்பிடுக்கா."

"எழுப்பறேன். நீ முதல்ல தூங்கு."

அதுதான் எளிதாக வரவில்லை. அட்டையில் படுத்தாலும் மூடிய இமைக்குள் விழித்தே கிடந்தாள். ஆனாலும் பில்லம்மா தினமும் வந்து, தூங்காதவளின் தோளைத் தட்டி எழுப்பினாள். இரண்டு பேரும் நடக்கப் போனார்கள். பில்லம்மாவுக்கு முழங்கால் வலி, முனகிக்கொண்டேதான் வருவாள். இப்போதும் போகிறார்கள். கேட் தெரிகிற திருப்பம் வந்ததும் கலரக்கா நின்றுவிடுவாள். அதற்கு மேல் இன்னும் கால் எழவில்லை. பில்லம்மாவும் முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, அவளோடு திரும்பிவிடுவாள்.