விண்வெளிப் படத்தின் மிச்சப் பாதி

களமருதூர் ரங்கம்மாளுக்கு விண்வெளிப் படம் என்றால் உயிர். நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று வாரம் முழுக்கக் குனிந்தே கிடக்கும் உடம்பு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவிக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்துவிடும். உளுந்தூர்பேட்டையில் தனசேகரன் என்பவர் நடத்தும் கேபிள் சேனலில் அந்த நேரத்துக்குத் தமிழ் பேசும் வெளிநாட்டுப் படம் ஒன்று ஓடும். ராக்கெட், வேற்றுக்கிரக ஆள், பேசுகிற இயந்திரம், எதுவானாலும் அவளுக்குச் சம்மதம்தான். பார்த்ததோடு விடவும் மாட்டாள். திங்கட்கிழமை வயலில் கால் வைத்த கையோடு தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்துவிடுவாள்.

"வெள்ளிமலைக்கு பஸ்ஸுல ஏறினாலே எனக்குக் காது அடைச்சுக்குது. அவன் நெலாவுக்கே போறான், ஒரு தரமாச்சும் காதைக் கொடைஞ்சானா? அங்கதான் படம் எடுத்தவன் கோட்டை வுட்டுட்டான்."

இன்னொரு நாள், "அம்மாம் பெரிய கப்பலு, ஒரு துணிக்கொடி இல்ல. தொவைச்சதை எங்கதான் காயப்போடுவாளுங்க?" என்பாள். வேற்றுக்கிரகத்து ஆட்கள் எப்போது பார்த்தாலும் பெரிய பெரிய நகரங்களிலேயே வந்து இறங்குவதும் அவளுக்குப் பிடிக்காது. "உளுந்தூர்பேட்டையில எறங்கினா இன்னாவாம்? எல்லா ஊரு பஸ்ஸும் அங்கதான் நிக்குது. எங்க வேணும்னாலும் போய்க்கலாமே."

பக்கத்து வீட்டுச் சாலம்மாள் அவளோடு ஒரே வரிசையில் நின்று நாற்று நடுகிறவள். அவள் காமெடிக் கட்சி.

"யக்கா, பகலெல்லாம் சேத்துல நின்னுட்டு, வூட்டுக்குப் போயி எவளோ மூச்சுத் திணறுறதை வேற பாக்கணுமா? சிரிச்சுட்டுப் படுத்தாத்தான் காலையில எழுந்திருக்க முடியும்."

"சிரிக்கறதுக்கு அவன் எங்கடி எடம் வைக்கிறான்? படத்துலயே சிரிப்புச் சத்தத்தையும் அவனே போட்டுக்கறான். நீ சும்மா பாத்துகினு குந்தியிருக்க வேண்டியதுதான். அதுவும் எதுக்குச் சிரிப்பு? ஒருத்தி கறுப்பா இருக்கறா, ஒருத்தி குண்டா இருக்கறா. நம்மளைக் காட்டி நம்மளையே சிரிக்கச் சொல்றான். போன வாரம் நீ வரப்புல வழுக்கி மாடு மாதிரி வுழுந்தியே, அதுக்கு எவன் சத்தம் போட்டான்? நானாத்தான சிரிச்சேன்!"

"இன்னும் சிரிச்சுகினுதான இருக்கற," என்று சாலம்மாள் சேற்றை வாரி அவள் முதுகில் அடித்தாள்.

அந்த ஐப்பசியில் ஒரு படம் வந்தது. ஒரு பெண், தன்னந்தனியாக, பழுதான கப்பலில். பூமியில் இருக்கிற தன் அம்மாவோடு திரையில் பேசுகிறாள். "அம்மா, நல்லா இருக்கியா?" என்று கேட்டுவிட்டு வெறித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். பதில் வருவதற்குள் ரங்கம்மாள் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டாள்.

"பெத்தவ பதில் சொல்றதுக்கு இத்தினி நேரமா? ரெண்டு பேருக்குமே நடிக்கத் தெரியல," என்று கணவன் சுப்புராயனிடம் சொன்னாள். அது ஒன்றுதான் குறை. மற்றபடி அவள் கண் திரையை விட்டு அகலவில்லை. கப்பலுக்கு வெளியே ஏதோ உடைந்திருக்கிறது. அந்தப் பெண் போய்ச் சரிசெய்தாக வேண்டும். கவசத்தை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள். வெளியே ஒரே கறுப்பு. சத்தமே இல்லை.

அந்த இடத்தில் படம் நின்றது. நீளமான படங்களை இரண்டாக வெட்டி இரண்டு வாரம் போடுவது தனசேகரனின் வழக்கம்.

வாரம் முழுக்க ரங்கம்மாள் அந்தக் கதவிலேயே நின்றாள். சனிக்கிழமை சாயங்காலம் அதே சேனலில் நேயர்கள் போனில் பேசும் நிகழ்ச்சி. அதில் தனசேகரன் சிரித்த முகத்தோடு குண்டைத் தூக்கிப் போட்டார். "நெறைய பேரு ஞாயித்துக்கிழமை காமெடித் தொகுப்பு போடச் சொல்றீங்க. அந்த விண்வெளிப் படம் வேணும்னு இதுவரைக்கும் ஒருத்தர்கூட கூப்பிடல. நிகழ்ச்சி முடியறதுக்குள்ள யாரும் கேக்கலன்னா நாளையில இருந்து காமெடிதான்."

ரங்கம்மாள் பட்டன் போனை எடுத்தாள். லைன் பிஸி. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் பிஸி. டிவியில் எலவனாசூரிலிருந்து யாரோ ஒருவர் காமெடி கேட்டார். அடுத்து வந்த குரலைக் கேட்டதும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்து வீட்டுச் சாலம்மாள்!

"துரோகி!" என்று சுவரைப் பார்த்துக் கத்தினாள். சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது.

"ஒரு படத்துக்கா இப்புடிக் கெடந்து துடிக்கற?" என்றார் சுப்புராயன்.

"அந்தப் பொண்ணு கதவைத் தொறந்துகினு நிக்குது. வெளியில காத்து கெடையாது. நான் எப்புடி சும்மா இருக்கறது?"

இன்னொரு தரம் அழுத்தியதும் மறுமுனையில் மணி அடித்தது. உண்மையாகவே அடித்தது! டிவியில் தன் குரல் வரும்போது தெரு முழுக்கக் கேட்க வேண்டும் என்று, ரங்கம்மாள் சத்தத்தை முழுக்கத் திருகி வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றுகொண்டாள்.

"சொல்லுங்கம்மா, யாரு பேசறீங்க?"

"வணக்கம் தம்பி. களமருதூருல இருந்து ரங்கம்மா பேசறேன். அந்தப் படத்தை நீங்க..."

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் தெருவே அதிரும்படி, "வணக்கம் தம்பி. களமருதூருல இருந்து ரங்கம்மா பேசறேன்," என்றது.

ரங்கம்மாள் திகைத்துப்போனாள். "யாரு அது? களமருதூருல ரங்கம்மா நான் ஒருத்திதான. நடுவுல பூந்து பேசறது யாரு?"

போனில் தனசேகரன், "அம்மா, டிவி சவுண்டை..." என்று ஆரம்பித்தார். அதற்குள் உள்ளேயிருந்த குரல், "யாரு அது? களமருதூருல ரங்கம்மா நான் ஒருத்திதான," என்று அதட்டியது.

"ஏய், நான்தான்டி மொதல்ல கேட்டேன்! லைன் கெடைக்காம எத்தினி தரம் போட்டுகினு இருந்தேன் தெரியுமா? வைடி போனை!"

சுவருக்கு அந்தப் பக்கம் சாலம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். சுப்புராயன் ஓடிப்போய் டிவியின் சத்தத்தை நிறுத்தினார். தனசேகரன் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்.

"அம்மா, அது நீங்கதான். உங்க பேச்சு எங்ககிட்ட வந்து, அப்புறம் கேபிள்ல சுத்தி உங்க வூட்டு டிவிக்குப் போவ லேட்டாவும்."

"இங்க இருக்கற உளுந்தூர்பேட்டைக்கேவா?"

"ஆமாம்மா."

ரங்கம்மாளின் குரல் உச்சிக்கு ஏறியது.

"அடக் கடவுளே! அப்ப அந்தப் பொண்ணு அம்மாகிட்ட கேட்டுட்டு முழிச்சுகினு நின்னுச்சே, அது தூரந்தான! பேச்சு போயிச் சேரணும், பதிலு திரும்பி வரணும். நான் நடிக்கத் தெரியலன்னு திட்டிட்டேனே தம்பி! எல்லாரும் கேட்டுக்குங்க, நான் சொன்னது தப்பு. அது நல்லாத்தான் நடிக்குது. நீங்க பாட்டுக்குக் கதவாண்ட நிக்க வுட்டுட்டு காமெடி போட்டா எப்புடி? அது உள்ள வந்துச்சா இல்லியான்னு அவங்க அம்மா கேக்க மாட்டாளா? மிச்சப் பாதியைப் போடுங்க தம்பி, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்!"

அதற்குப் பிறகு வந்த போன்களில் யாரும் காமெடி கேட்கவில்லை. களமருதூர் அம்மா சொன்ன அந்தப் பெண் என்ன ஆனாள் என்றுதான் கேட்டார்கள். "சரிங்க, தோத்துட்டேன். நாளைக்கு மிச்சப் பாதி," என்றார் தனசேகரன். ரங்கம்மாள் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை களையெடுக்கும் பெண்கள் எல்லாரும் அவள் வீட்டில்தான் இருந்தார்கள். சாலம்மாள் வறுத்த மல்லாட்டைக் கடலையோடு வந்து முன்வரிசையில் குந்திக்கொண்டாள். படத்துக்கு முன்னால் தனசேகரன் நேற்றைய போன் பேச்சை ஒருமுறை போட்டார். "வைடி போனை!" என்று டிவி அதட்டியதும் வீடே குலுங்கியது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவள் ரங்கம்மாள். கண்ணில் வந்த நீரை முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"பாத்தியாடி, அவன் ஒரு சிரிப்புச் சத்தம் போடல. அத்தனையும் நம்மளுது. இதுதான்டி காமெடி!"

படம் ஆரம்பித்தது. அந்தப் பெண் இருட்டில் மிதந்தாள், திருகினாள், பிடி நழுவித் தொங்கினாள். கடைசியில் தட்டுத் தடுமாறி உள்ளே வந்து, கதவைச் சாத்திவிட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். "அம்மா, நான் உள்ள வந்துட்டேன்," என்றாள். வெறித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னாக்கா, ஒண்ணும் பேச மாட்டேங்குது? நின்னு போச்சா?" என்றாள் சாலம்மாள்.

"இருடி. ரொம்ப தூரம்," என்றாள் ரங்கம்மாள், அவள் கையைப் பிடித்து அழுத்தியபடி. "இப்பத்தான் போய்க்கினு இருக்கும். வரும் பாரு."

மல்லாட்டை உடைக்கும் சத்தம்கூட நின்றுவிட்டது. எல்லாரும் காத்திருந்தார்கள்.

பதில் வந்தது.