லைட்டைப் போடுங்க

ரவிக்குமாருக்குப் பெண்டாட்டி கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில், வேலை சத்தியமங்கலத்தில். இருவரும் ஒரே ஊட்டில் சோறு தின்ன வேண்டுமென்றால் வானத்திலிருந்து ஒரு சாவி வரவேண்டியிருந்தது.

சாவி என்றால் இரும்புச் சாவி இல்லை. ரகசியச் செய்தியைப் பூட்டித் திறக்கும் எண்கள். செயற்கைக்கோள் அதை ஒளித்துகளாக ஒவ்வொன்றாக அனுப்பும். நடுவில் எவனாவது எட்டிப்பார்த்தால் துகள் மாறிப்போய் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். அதைப் பிடிக்கிற தொலைநோக்கியைத் துடைப்பதும் திருப்புவதும்தான் ரவிக்குமாரின் பிழைப்பு. அந்தத் துகளோ படு நோஞ்சான். பக்கத்தில் ஒரு பல்பு எரிந்தாலே காணாமல் போய்விடும்.

ஒருமுறை சாவி முழுசாகக் கிடைத்துவிட்டால் அவனைக் கோயமுத்தூருக்கே மாற்றிவிடுவதாக மேலதிகாரி சாய்ப்ரியா சொல்லியிருந்தார். போன தடவை மேகம். அதற்கு முந்தி கரண்ட் இல்லை. அவனுக்கு அலுத்துப்போய்விட்டது. அப்பா என்றால் போனுக்குள் இருக்கிற ஆள் என்றே அவன் பிள்ளை நினைத்துக்கொண்டிருந்தது.

மழைக்கு முந்தைய கடைசித் தெளிந்த வானம் அன்றைக்கு. மத்தியானமே பெண்டாட்டி அன்புக்கரசியிடம் போனில், "நாளைக்கு வாரேன் அம்மணி" என்று சொல்லிவிட்டான்.

இருட்டியதும் செயற்கைக்கோள் தலைகாட்டுகிற நேரம். எதிர்த் தோட்டத்து வாசலில் லைட் எரிந்தது. வழக்கமாக அணைத்துவிடும் தோட்டத்துக்காரர் நஞ்சுண்டன் அன்றைக்கென்று மறந்துவிட்டார். ரவிக்குமார் போன் போட்டான்.

"ஏனுங்க, அவசரமுங்க! லைட்டை நிறுத்திப்போடுங்க!"

பாழாய்ப்போன சிக்னல் நடுவில் ஒரு சொல்லை விழுங்கிவிட்டது. "லைட்டை... போடுங்க" என்றுதான் அவர் காதில் விழுந்தது. ரவிக்குமார் பாம்பைக் கீம்பைப் பார்த்துவிட்டானோ என்று பதறி, மாட்டுக் கொட்டாய், மோட்டார் ரூம், களம், எல்லா லைட்டையும் போட்டுவிட்டார். தோட்டமே கல்யாண வீடாயிற்று. மறுபடி கூப்பிட்டால் லைன் போகவில்லை. செயற்கைக்கோள் தன்பாட்டுக்கு மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது.

நஞ்சுண்டன் வேலியோரம் ஓடிவந்தார். "போதுங்களா தம்பி? மாடியில இன்னொண்ணு இருக்குது, போடட்டுங்களா?"

கோபப்படக்கூட அவனுக்குத் தெம்பில்லை. "போதுமுங்க" என்றான்.

அன்புக்கரசியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னான். அவள் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை.

"இனி மழை விட்டுத்தானுங்களா?"

"ஆமா."

"சரி அம்மணி, வாரேன்" என்றான்.

"போனை வெக்கிற வாரேனுங்களா, ஊட்டுக்கு வர்ற வாரேனுங்களா?" என்று கேட்டாள்.

அவனுக்குப் போனை வைக்க மனசு வரவில்லை.