உப்புத் தண்ணீரில் மூழ்கப் பார்த்த ஆலா

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஆடி மாதச் சாரலில், எங்கள் தென்காசி வீட்டு மொட்டைமாடியில் ஒரு கடல் பறவை வந்து விழுந்தது. தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஒண்டிக் கிடந்தது. முதுகு கன்னங்கறுப்பு, வயிறும் நெற்றியும் வெள்ளை, வால் கத்தரிக்கோல் போல இரண்டாகப் பிரிந்திருந்தது. காக்கா என்று நினைத்துத் தொடப் போன என்னை ஒரு கொத்து கொத்தியது. விரலில் ரத்தம் வந்தும் அழத் தோன்றவில்லை. வீடு முழுக்கக் கத்திக்கொண்டே ஓடினேன்.

சித்தப்பா ராணுவத்தில் இருந்து லீவில் வந்திருந்தார். மூன்று மாதக் குழந்தையான தன் மகனை அந்த லீவில்தான் முதன்முதலில் பார்த்தார். இன்னும் ஐந்து நாளில் காஷ்மீர் எல்லைக்குத் திரும்ப வேண்டும். முன்பு ஒரு வருஷம் அந்தமானில் இருந்தவர் என்பதால், கடல் விஷயத்தில் எங்கள் வீட்டில் அவர் சொன்னதுதான் சட்டம்.

"கடப்பறவைட்டி இது. காத்து மலையத் தாண்டித் தூக்கிட்டு வந்துட்டு. தண்ணியில விட்டா தன்னால தெளிஞ்சிரும்" என்றார்.

சீசனுக்கு வந்த யாரையும் குளிக்க வைக்காமல் அனுப்புவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. உறவினர் என்றால் வேன் பிடித்து ஐந்தருவிக்கு அழைத்துப் போவோம். இதற்கு அண்டா. கடல் என்றால் உப்பு வேண்டுமே என்று சித்தப்பா இரண்டு கை கல்லுப்பு அள்ளிப் போட்டார். நான் நக்கிப் பார்த்து, போதாது என்றேன். இன்னொரு கை விழுந்தது.

விட்டோம். அது நீந்தவில்லை. இறகெல்லாம் துணி போல ஊறி, சிறகை விரித்தபடி அமிழத் தொடங்கியது. சித்தப்பா பதறிக் கையை விடுவதற்குள் கழுத்துவரை போய்விட்டது.

எங்கள் சத்தம் கேட்டுச் சித்தி வந்தாள். குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பறவையை வாங்கித் துண்டால் ஒற்றினாள். குழந்தைக்குத் தலை காயவைக்கும் சாம்பிராணிச் சட்டியில் வெறும் நெருப்புக் கங்குகளை மட்டும் போட்டு, அதன்மேல் கூடையைக் கவிழ்த்து, பறவையை மேலே உட்கார வைத்தாள்.

"பட்டாளத்துல இதத்தான் சொல்லிக்குடுத்தாவளோ?" என்று மட்டும் சித்தப்பாவைக் கேட்டாள்.

சித்தப்பாவின் கூட்டாளி ஒருவர் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியர். படம் அனுப்பிய மறுநிமிடமே போனில் கூப்பிட்டார். எங்களைவிட அவருக்குத்தான் பரபரப்பு அதிகம். அது ஆலாவாம். அதன் இறகு தண்ணீர் தாங்காதாம், அதனால் கடலில் உட்காராதாம். குஞ்சு பறக்கத் தொடங்கிவிட்டால் சில வருஷம் தரையையே மிதிக்காமல் வானத்தில் திரியுமாம். துள்ளும் மீனைப் பறந்தபடியே கவ்வுமாம், பறந்தபடியே தூங்குமாம். தரைக்கு வருவது தீவில் குடும்பம் நடத்த மட்டும். மணலில் ஒரே ஒரு முட்டை. ஒன்று அடைகாக்க, மற்றது இரை தேடிப் பல நாள் கடலுக்குப் போய்வரும். ஆயிரக்கணக்கான ஆலாக்களின் கூச்சலுக்கு நடுவிலும் தன் ஜோடியின் குரலைக் கண்டுகொள்ளும். நான் போனைப் பிடுங்கிக் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டேன். அவரும் சலிக்காமல் சொன்னார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. வானத்திலேயே வாழ்கிற ஒன்று எங்கள் வீட்டுக் கூடையில் உட்கார்ந்து நெத்திலி தின்கிறது!

மறுநாள் காலை சாரல் விட்டு வெயில் எட்டிப் பார்த்தது. எல்லோரும் மாடிக்குப் போனோம். சித்தப்பா ஆலாவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். கொஞ்ச நேரம் காற்றை முகர்வதுபோல இருந்தது. பிறகு சட்டென்று எழும்பி, ஒரு வட்டமடித்து, மலைக்கு மேலே போய் மேகத்துக்குள் மறைந்தது. நான் குதித்த குதியில் பக்கத்து வீட்டு மாடியில் இருந்து எட்டிப் பார்த்தார்கள்.

சித்தி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மலையையே பார்த்தபடி நின்றாள். பிறகு யாரையும் பார்க்காமல் கேட்டாள்.

"போனது திரும்பி வரலன்னா, முட்டைமேல உக்காந்திருக்கது எத்தன நாள் காத்துக் கிடக்கும்?"

சித்தப்பா கை நீட்டிக் குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டார். எனக்கோ பதில் நாக்கு நுனியில் இருந்தது.

"ரொம்ப நாள் இருக்காது சித்தி. பசி தாங்காம முட்டைய விட்டுட்டுப் பறந்துருமாம். சார் சொன்னாவ."

சித்தி சட்டென்று திரும்பிப் படியிறங்கினாள். சித்தப்பா என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்துவிட்டு, அவள் பின்னாலேயே வேகமாகப் போனார். தனக்குத் தெரியாத பதிலை நான் முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன் என்று அவருக்குப் பொறாமை என்றே நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.