மீன்தானே, அண்ணி!

பள்ளி வேன் ஓட்டும் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் அவளுக்கு வைத்த பெயர் மிளகாய். காதுபடவே அப்படித்தான் கூப்பிடுவார்கள்; அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

வீட்டில் அவளை அடக்கி வைத்திருந்தது கூடத்தில் இருந்த கண்ணாடித் தொட்டி. உள்ளே உப்புத் தண்ணீர், கடல் பாறைகள், இரண்டு கோமாளி மீன்கள், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நீல மீன். முதல் சம்பளத்தில் தனக்கென்று அவள் வாங்கியது அந்த நீலத்தைத்தான். விரலைத் தண்ணீரில் விட்டால் வந்து முட்டும். அவள் சிரிப்பாள். "என்கிட்ட ஒருநாள் இப்படிச் சிரிச்சிருக்கியா?" என்பான் புருஷன்.

நீலம் வளர்ந்தது, தொட்டி போதவில்லை. பெரிய தொட்டி வாங்கி, புது மணல் பரப்பி, உப்புத் தண்ணீர் நிரப்பி, தண்ணீர் மீனுக்குப் பக்குவப்பட வாரக்கணக்கில் மோட்டாரை ஓடவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மாற்றுவதாக ஏற்பாடு. பாறைகளை முதலில், ஈரம் காயாமல் மாற்ற வேண்டும். பிறகு மீன்களை வாளியில் விட்டு, புதுத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துப் பழக்க வேண்டும். பழைய மணலைத் தொடவே கூடாது. அடியில் வருஷக்கணக்கில் அழுகிக் கிடப்பது கிளறினால் விஷம். சாப்பிடும்போதெல்லாம் இதையே சொன்னாள். வேலை போய் அவர்கள் வீட்டில் வந்து தங்கியிருந்த கொழுந்தன் தலையாட்டினான். செல்போனைப் பார்த்துத்தான் ஆட்டினான் என்பது பிறகு தெரிந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கதவைத் திறந்தபோது அழுகின முட்டை நாற்றம் முகத்தில் அடித்தது. பழைய தொட்டி காலி. புதியதில் தண்ணீர் கறுத்துக் கலங்கிக் கிடந்தது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

"சர்ப்ரைஸ் அண்ணி! உங்களுக்கு ஒரு வேலை மிச்சம். மணலைக்கூட வீணாக்கல, அப்படியே வாரிப் போட்டுட்டேன்."

"பழைய தண்ணி?"

"அழுக்கா இருந்துச்சு. சாக்கடையில ஊத்திட்டேன்."

அவள் கத்தவில்லை. கத்தினால் நேரம் போகும், நேரம் போனால் மீன் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். ஞாயிற்றுக்கிழமைக்காகக் கலக்கி வைத்த உப்புத் தண்ணீர் டிரம்மில் இருந்தது. உப்பையும் சூட்டையும் அளந்து பார்த்தாள், சரியாக இருந்தது. வாளியில் மொண்டு, காற்றுக் குழாயைப் போட்டு, மீன்களை ஒரு டப்பாவால் ஒவ்வொன்றாக அள்ளி மாற்றினாள். நீலம் டப்பாவில் துள்ளக்கூட இல்லை.

பின்னாலிருந்து கொழுந்தன் சொன்னான்: "மீன்தானே, அண்ணி! செத்தா வேற வாங்கிக்கலாம்."

அப்போதுதான் திரும்பினாள்.

"வேற வாங்கிக்கலாமா? வேலை போயி நீ பெட்டியோட வந்து நின்னப்ப, வேற கொழுந்தன் வாங்கிக்கலாம்னு நான் சொன்னேனா?"

அந்நேரம் பார்த்து உள்ளே வந்த புருஷன் சமாதானத்துக்கு வந்தான். "அவன் நல்லது செய்யணும்னுதான்..."

"ஒரு வார்த்தை கேட்டா வாய் வலிக்குமா? என் தொட்டி. என் மீன். நல்லது செய்றாராம், நல்லது!"

தெருவே கேட்டது.

விடியும்போது நீலம் வாளியில் சாய்ந்து கிடந்தது. கோமாளிகள் பிழைத்துக்கொண்டன; பழைய தொட்டியில் டிரம் தண்ணீரை ஊற்றி அவற்றை விட்டாள். அன்று முழுக்க அவள் பெரிய தொட்டியைக் காலி செய்து, மணலை அள்ளி, மூட்டை மூட்டையாகக் கட்டினாள். மூட்டைகளைக் கீழே இறக்கியது கொழுந்தன். மூச்சு வாங்கினான். அவள் பாவம் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவன் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தான். உள்ளே நீல மீன், பழையதில் பாதி அளவு.

"ஏன்டா, புதுத் தண்ணி ஊத்தின தொட்டியே இன்னும் தேறல. இதையும் கொல்லணுமா? போய்க் கடையிலயே குடு!"

"திருப்பி எடுத்துக்க மாட்டாராம் அண்ணி."

"எடுத்துக்குவார். வண்டியில ஏறு."

குழந்தைகள் உட்காரும் குட்டி சீட்டில் முழங்காலை மடக்கி, பையை மடியில் வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்தான். கடை வரைக்கும் அவள் திட்டிக்கொண்டே ஓட்டினாள். அவள் முகத்தைப் பார்த்த கடைக்காரர் பேசாமல் பையை வாங்கிக்கொண்டார்.

"தப்புதான் அண்ணி," என்றான் திரும்பும்போது. அவள் கியரை மாற்றினாள்.

வேளாவேளைக்கு அவனுக்குச் சாப்பாடு போட்டாள். முகம் கொடுத்துப் பேசவில்லை. தொட்டி மறுபடி தேறி, கோமாளிகளை மாற்றிய அன்று மட்டும் அவனிடம் வாய் திறந்தாள்.

"உள்ள போய்க் கதவைச் சாத்திக்கோ. நான் கூப்பிடுற வரைக்கும் வெளியே வராதே."

அவன் போனான். சாயங்காலம் வரை அவள் கூப்பிடவே இல்லை.